தனித்திருக்க ஒரு துணை

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர்கள் நடத்தும் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று போனில் கேட்ட நண்பரிடம், "காட்டில் தனியாக உட்கார்ந்து யோசிப்பது பற்றி" என்றேன். அவர் இங்கே ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்ப்பவர். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஏன் சார், ஒரே ரூம்ல ஆறு பேர் படுக்கறவங்ககிட்ட வந்து தனிமையைப் பத்திப் பேசப்போறீங்களா?" என்றார். பேச்சையே மாற்றிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்புறம், அந்தக் கேள்வியை விட்டுவிட்டு இந்த விஷயத்தைப் பேசுவதில் பொருளே இல்லை என்று பட்டது. ஆகவே அவர் கேள்வியைத்தான் இன்று சுற்றிச் சுற்றி வரப்போகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை, கொடைக்கானல், ஏலகிரி என்று பல இடங்களில் தனிமை முகாம்கள் நடக்கின்றன. போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வழிநடத்துபவர் ஒருவர் இருப்பார். "வரும் ஆண்டில் உன் வாழ்க்கையில் எதை மாற்ற நினைக்கிறாய்?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதச் சொல்வார். பிறகு ஆளுக்கொரு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கட்டணத்தைக் கேட்டால் நம்மில் பலர் போனை வைத்துவிடுவோம்.

காசு கொடுத்துச் சும்மா உட்கார்வதா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் சும்மா உட்கார்வது அவ்வளவு லேசான காரியம் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்து உளவியலாளர் டிமோத்தி வில்சனும் அவருடைய குழுவினரும் 2014இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒருவரைக் காலி அறையில் கால் மணி நேரம் தனியாக உட்கார வைப்பது. போன் கிடையாது, புத்தகம் கிடையாது. பக்கத்தில் ஒரு பொத்தான் மட்டும். அழுத்தினால் ஷாக் அடிக்கும். அந்த ஷாக்கை முன்பே ஒருமுறை வாங்கி, "இதைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்பேன்" என்று சொன்னவர்கள்தான் இந்தக் கணக்கில் வருகிறார்கள். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தித் தங்களுக்குத் தாங்களே ஷாக் கொடுத்துக்கொண்டார்கள். ஆண்களே, சிரிக்காதீர்கள், இது நம்மைப் பற்றிய கணக்கு.

இந்த முகாம்களின் வேரைத் தேடிப் போனால் அமெரிக்கப் பழங்குடிகளிடம் போய் நிற்போம். லகோட்டா மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாழ்க்கையில் ஒரு திருப்பம் வரும்போது ஒருவர் மூத்தவரிடம் போய், தனக்கு என்ன தெரிய வேண்டும் என்று சொல்வார். மூத்தவர் அவரைத் தயார்செய்து ஒரு மேட்டில் கொண்டுபோய் விடுவார். ஒரு நாளிலிருந்து நான்கு நாள்வரை அன்னம் தண்ணீர் இல்லாமல் அங்கே இருக்க வேண்டும். இறங்கி வந்ததும் கண்டதையும் கேட்டதையும் அந்த மூத்தவரிடமே சொல்ல வேண்டும். அதற்கு என்ன பொருள் என்று அவர் சொல்வார். 1883இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த விதிகள் பழங்குடிகளின் சடங்குகள் பலவற்றைக் குற்றமாக்கின. அவர்களுடைய சமயச் சுதந்திரத்தை ஏற்கும் சட்டம் 1978இல்தான் வந்தது. அதற்குள் அந்தச் சடங்குகளையே கட்டணம் வைத்து நடத்தும் வெளியாட்கள் கிளம்பிவிட்டார்கள். 1993இல் லகோட்டா மக்கள் கூடி, தங்கள் வழிபாட்டை விற்பவர்களுக்கு எதிராகப் போர்ப் பிரகடனமே செய்தார்கள். ஒரு கையால் தடைசெய்வதும் மறு கையால் விற்பதும் உலகத்துக்குப் புதிதில்லை.

கலிபோர்னியாவில் ஸ்டீவன் ஃபாஸ்டர், மெரிடித் லிட்டில் என்ற தம்பதி, பல பண்பாடுகளில் உள்ள இத்தகைய வழக்கங்களைப் படித்து, நகரத்து மனிதர்களுக்கு ஏற்றபடி பாலைவனத்தில் தனித்திருக்கும் பயிற்சியை உருவாக்கினார்கள். பலர் இன்று நடத்தும் முகாம்களுக்கு அது ஒரு முன்மாதிரி. அந்தப் பயிற்சியில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. எனக்கு அதைவிட முக்கியமானது எதுவும் அதில் இல்லை.

தனித்திருக்கப் போகிறவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். இருவருக்கும் நடுவில் ஓர் இடத்தில் கற்குவியல் ஒன்று. ஒருவர் தினமும் காலையில் அங்கே வந்து ஒரு கல்லை வைத்துவிட்டோ இடம் மாற்றிவிட்டோ போவார். மற்றவர் சாயங்காலம் வந்து அந்த அடையாளத்தைப் பார்ப்பார், தன் அடையாளத்தை வைப்பார். இருவரும் சந்தித்துக்கொள்வதே இல்லை, ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் ஒரு நாள் கல் அசையவில்லை என்றால் மற்றவர் உடனே தேடிக்கொண்டு போவார்.

இதைப் படித்தபோது எனக்குக் கும்மிடிப்பூண்டிதான் ஞாபகம் வந்தது. ஒரே பாயைப் பகல் ஷிப்ட்டும் நைட் ஷிப்ட்டுமாகப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பேர் இங்கே எத்தனை அறைகளில் இருக்கிறார்கள்? ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்பியிருப்பார். கழுவிக் கவிழ்த்த டிபன் பாக்ஸைப் பார்த்து, "ஆள் வந்து சாப்பிட்டுத்தான் போயிருக்கான்" என்று தெரிந்துகொள்வார். கலிபோர்னியாக்காரர்கள் அதைப் பயிற்சியாக வைத்திருக்கிறார்கள். இங்கே வாடகையைத் தனியாகக் கட்ட வழியில்லாமல் வந்த ஏற்பாடு அது. வித்தியாசம் பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டிலும் இருக்கும் ஒரு விஷயத்தை இன்று பிடித்துக்கொள்ள விரும்புகிறேன்: ஒருவர் தனியாக இருக்க வேண்டுமானால், அவர் தனியாக இருக்கிறார் என்பதை அறிந்த இன்னொருவர் வேண்டும்.

தனிமை என்றதும் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் ஆள் யார்? ரமணர். பதினாறு வயதுப் பையன் மதுரையிலிருந்து கிளம்பி, 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்கிறான். ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்கிறான். சின்னப் பையன்கள் கல்லெறிகிறார்கள். அதற்குத் தப்பித்து மண்டபத்தின் அடியில் பாதாள லிங்கச் சன்னதிக்குள் போகிறான். பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்குகின்றன. இவ்வளவும் நமக்குத் தெரிந்த கதை. ஆனால் கதையைச் சொல்லும்போது வேகமாகத் தாண்டிப் போகும் இடங்கள் சில உண்டு. கல்லெறியும் பையன்களை விரட்ட முயன்றவர் சேஷாத்ரி சுவாமிகள். உணர்வின்றிக் கிடந்தவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தவர்கள் சிலர். வாயில் உணவை ஊட்டியவர்கள் சிலர். பிறகு பழனிசுவாமி என்றொருவர் வந்து, பல ஆண்டுகள் கூடவே இருந்து கவனித்துக்கொண்டார். 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை, அதற்கடுத்து கந்தாசிரமம். அங்கே அம்மா அழகம்மாள் வந்து அடுப்பு மூட்டினார். ரமணரின் தனிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் தனிமைக்கு வாசலில் ஆள் இருந்தது என்கிறேன்.

இன்னும் பழைய காலத்துக்குப் போகலாம். மதுரைப் பக்கம் அழகர்மலையில் இயற்கையான ஒரு குகைத்தளம் இருக்கிறது. சமணத் துறவிகள் தங்குவதற்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள். மேலே மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கப் பாறை விளிம்பில் வெட்டிய காடி. அங்கே சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்துகளில் சில பெயர்கள் உள்ளன. அந்தப் படுக்கைகளில் படுத்த துறவிகளைவிட, அவற்றைச் செய்துகொடுத்தவர்கள்தான் அதிகம் தெரிகிறார்கள். யார் அவர்கள்? உப்பு வணிகர் ஒருவர், வெல்ல வணிகர் ஒருவர், கொழு விற்பவர் ஒருவர். கொழு என்றால் ஏர்க்கொழு, இரும்பு. இந்த அவையில் இரும்பு உருக்குபவர்கள் பாதிப் பேர் இருக்கிறீர்கள். உலகத்தை விட்டு ஒதுங்கிய ஒருவர் படுக்க, இரும்பு விற்ற காசில் ஒருவர் கல்லைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறார்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போகாதவர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பீர்கள். தை அமாவாசைக்கு அந்தக் குளக்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தத் தலத்தின் கதை சாலிஹோத்திர முனிவரைப் பற்றியது. அவர் தனியாக ஒரு வருடம் உண்ணா நோன்பு இருக்கிறார். முடியும் நாளில் சிந்திய நெல்லைப் பொறுக்கி, அரிசியாக்கி, மாவாக்கி, பெருமாளுக்குப் படைத்து, ஒரு விருந்தாளிக்காகக் காத்திருக்கிறார். கிழவர் ஒருவர் வருகிறார். அவருக்கென்று வைத்த பங்கைக் கொடுத்தாயிற்று, பசி அடங்கவில்லை. தன் பங்கையும் கொடுத்துவிட்டு முனிவர் மறுபடியும் ஒரு வருடம் பட்டினி. அடுத்த தை அமாவாசைக்கும் அதே கிழவர், அதே பசி. சாப்பிட்டு முடித்தவர் கேட்கிறார்: களைப்பாக இருக்கிறது, எங்கே படுப்பது? முனிவர் தன் குடிசையைக் காட்டுகிறார். உள்ளே போய்ப் படுத்தவர் பெருமாள்.

பக்தியோடு கேட்பவர்களுக்கு இது ஒரு மாதிரி. எனக்கு இது தவத்தைப் பற்றி மிகவும் கறாரான கதையாகப் படுகிறது. ஒரு வருடம் தனியாகப் பட்டினி கிடந்ததற்கு ஒன்றும் நடக்கவில்லை. நோன்பை முடித்துவைக்க ஒரு விருந்தாளி தேவைப்படுகிறார். அந்த விருந்தாளியும் சாதுவான ஆள் இல்லை. சோறும் கேட்கிறார், படுக்கையும் கேட்கிறார். தனிமைக்காகக் கட்டிய குடிசையையே எடுத்துக்கொள்கிறார்.

இப்போது அந்தத் தாளில் எழுதச் சொல்கிறார்களே, நோக்கம், அதற்கு வருகிறேன். இது நமக்குப் புதிதா? சின்னம்பேடு சிறுவாபுரி முருகன் கோயில் இங்கிருந்து எவ்வளவு தூரம்? செவ்வாய்க்கிழமையானால் அந்தச் சாலையில் வண்டி நகராது. ஆறு செவ்வாய் தொடர்ந்து வந்தால் சொந்த வீடு அமையும் என்று நம்பிக்கை. இரண்டாயிரம் சதுர அடியோ இருநூறு சதுர அடியோ, முருகனிடம் கேட்டால் போதும். பெரியபாளையத்தில் பவானி அம்மனுக்கு ஆடி மாதம் வேப்பிலை ஆடை கட்டி வலம் வருகிறார்கள். அம்மை போட்ட பிள்ளைக்காக, படுத்த படுக்கையாகிவிட்ட புருஷனுக்காக. வேண்டுதல் இல்லாமல் இந்த மாவட்டத்தில் ஒரு பஸ்கூட ஓடாது.

வேண்டுதலை நான் கேலி செய்யவில்லை. நாலு மாதம் வாடகை பாக்கியோடு ஆறு வாரம் ஒரே விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு வருவது, அந்தக் காலி அறையில் கால் மணி நேரம் உட்கார்வதைவிடக் கடினம். ஆனால் ஒன்று குறைகிறது. அர்ச்சனை டிக்கெட் வாங்கினால் குருக்கள் பெயர் கேட்பார், நட்சத்திரம் கேட்பார், கோத்திரம் தெரிந்தால் சொல் என்பார். "என்னம்மா பிரச்சினை?" என்று கேட்க மாட்டார். அவருக்கு நேரம் இல்லை, பின்னால் வரிசை நிற்கிறது. நாம் கேட்பது நமக்கும் சாமிக்கும் இடையில் நின்றுவிடுகிறது. அதைச் சத்தமாக, இன்னொரு மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் வேலை நடப்பதில்லை. சத்தமாகச் சொல்லும்போதுதான் பாதி வேண்டுதல் தானாகவே மாறிவிடும். "வீடு வேணும்" என்று ஆரம்பித்தவர், "என் தம்பிகிட்ட நான் மறுபடி பேசணும், அவன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைக்க ஒரு இடம் வேணும்" என்று முடிப்பார்.

அந்தக் கேள்வியைக் கேட்கும் ஒருவர் நம்மிடமும் உண்டு. குருசாமி. கார்த்திகை பிறந்தால் இந்த சிப்காட் தொழிற்பேட்டையில் எத்தனை கறுப்பு வேட்டிகள்! சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள். செருப்பு இல்லை, பீடி இல்லை, சண்டை இல்லை. ஃபர்னஸ் பக்கம் வேலை என்பதால் செருப்பு விஷயத்தில் மட்டும் சேஃப்டி ஆபீசரிடம் சாமி தோற்றுவிடும். நல்ல குருசாமி என்றால், முதல்முறை மாலை போட வந்தவனை உட்கார வைத்து, "எதுக்குடா மலைக்கு வரே?" என்று கேட்பார். பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு அந்தக் கோபத்தில் மாலை போட வந்தவனைத் திருப்பி அனுப்புவார், முதலில் போய்ப் பேசிவிட்டு வா என்று. இருமுடி கட்டித் தலையில் ஏற்றுவதும் அவர்தான், திரும்பி வந்ததும் மாலையைக் கழற்றுவதும் பெரும்பாலும் அவர்தான். லகோட்டா மூத்தவரை நான் விவரித்தபோது உங்களில் சிலர் குருசாமியை நினைத்திருப்பீர்கள். எல்லாக் குருசாமிகளும் அப்படியா என்று கேட்காதீர்கள். எல்லா மூத்தவர்களும் அப்படி இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் சபரிமலையில் தனிமை இல்லை. லட்சம் பேர் தள்ளுகிறார்கள். தனிமைக்கு நம் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது, அங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பெரியபாளையம், ஊத்துக்கோட்டை தாண்டிப் பூண்டி நீர்த்தேக்கத்தின் பக்கம் போனால் குடியம் என்ற ஊர். அதை ஒட்டிய காப்புக்காட்டுக்குள் குடியம் குகைகள். இந்தப் பகுதி உலகத் தொல்லியலில் பெரிய பெயர். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து பூண்டிப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டார். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அதே இடத்தில் அகழாய்வு செய்து, அங்கே கருவி செய்தவர்களின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழையது என்று 2011இல் அறிவித்தார்கள். பூண்டியில் 1985 முதல் ஒரு தொல்லியல் அருங்காட்சியகமும் இருக்கிறது. நம் பிள்ளைகளை மால்களுக்குக் கூட்டிப்போகும் ஞாயிறுகளில் ஒன்றை அதற்கு ஒதுக்கலாம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 நடைபாதைகள். திருவள்ளூர் மாவட்டத்துக்கு அதில் கிடைத்தது குடியம் குகைப் பாதை. முன்பதிவு செய்து, உள்ளூரைச் சேர்ந்த பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். பெரும்பாலான பாதைகளில் பழங்குடி இளைஞர்களும் காட்டோரக் கிராமத்து இளைஞர்களும்தான் வழிகாட்டிகள்.

நான் போன அன்று வழிகாட்டியாக வந்த பையன், நடக்கத் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் ஒவ்வொருவர் அருகிலும் வந்து மூக்கை உறிஞ்சினான். "சார், சென்ட் போட்டிருக்கீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். குளித்த சோப்பு வாசனைதான் என்றேன். கூட வந்த ஒருவரின் பாடி ஸ்ப்ரேயை அவன் விடவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துக் கழுத்தையும் கையையும் கழுவ வைத்தான். ஏன் என்பது குகைக்குப் போனதும் தெரிந்தது.

பாதை செம்மண்ணும் முள்காடும். காலடியில் முழுக்க முட்டை முட்டையாக உருண்ட கற்கள், ஒன்று சறுக்கினால் கணுக்கால் போய்விடும். பேசிக்கொண்டே நடக்க முடியாது, காலைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். முதல் குகையில் ஊர்மக்கள் கும்பிடும் அம்மன், மஞ்சள், குங்குமம். இரண்டாவது குகைதான் பெரியது. பாறை அப்படியே முன்னால் வளைந்து, பெரிய பந்தல் மாதிரி நிற்கிறது. நிமிர்ந்து பார்த்தால் கூரை முழுக்கக் கூழாங்கற்கள். பழங்காலத்து ஆறு ஒன்று உருட்டிக் கொண்டுவந்து கொட்டிய கற்கள், மணலோடு சேர்ந்து இறுகிப் பாறையாகிவிட்டன. ஆற்றின் படுகை தலைக்கு மேலே இருக்கிறது. அந்தக் கூரையில் ஆளுயர மலைத்தேனீக் கூடுகள் கறுப்பாகத் தொங்கின. மேல்தோல் அலையலையாக அசைந்துகொண்டே இருந்தது.

"இங்க யாரும் பேசக்கூடாது" என்று அந்தப் பையன் மிக மெல்லிய குரலில் சொன்னான். முகாம்களில் மௌனத்துக்கு எவ்வளவு தத்துவம் சொல்கிறார்கள்! இவன் ஒரு விரலைக் கூடுகளின் பக்கம் நீட்டினான், அவ்வளவுதான். செல்ஃபி எடுக்கிறவர்கள் செல்ஃபி எடுக்கவில்லை. கைத்தொலைபேசியை யாரும் பிடுங்கி வைக்காமலே அது பைக்குள் போனது. ஆளுக்கொரு கல்லில், ஒருவரையொருவர் பார்க்காத திசையில் உட்கார்ந்தோம். அவன் எங்கள் எல்லோரையும் பார்க்கக்கூடிய ஓர் இடத்தில், ஆனால் எங்கள் பார்வையில் படாமல், குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சொல்ல மாட்டேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, கால் மரத்துப்போனது. ஆனால் கிளம்பலாம் என்று அவன் எழுந்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

1960களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி அந்தக் குகைகளில் அகழாய்வு செய்தார். கருவிகள் கிடைத்தன. ஆனால் ஆதிமனிதர்கள் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்ததாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. வந்துபோயிருக்கிறார்கள். எதற்கு வந்தார்களோ, மழைக்கு ஒதுங்கவோ, கல் உடைக்கவோ. என் கற்பனையை இங்கே நான் அவிழ்த்துவிடப் போவதில்லை.

வழிகாட்டி எதற்கு, நாங்களே போய்வருவோம் என்று சொல்லும் இளைஞர்களை எனக்குத் தெரியும். ஆந்திர எல்லை தாண்டித் தடா அருவிக்கும் நாகலாபுரத்துக்கும் பைக்கில் கிளம்பிவிடுகிறார்கள். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிடக் கூடாது. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்த இளைஞர்கள், அவர்களில் பெண்கள் பலர். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. காற்று எந்தப் பக்கம் திரும்பும், புல் எப்போது பற்றும், எந்தச் சரிவில் இறங்கினால் வழி இருக்கும் என்பதெல்லாம் அந்தக் காட்டோரத்தில் பிறந்தவருக்குத் தெரியும். நமக்கு யூடியூபில் பார்த்தது தெரியும். அந்தக் காட்டோரத்துப் பையனுக்குக் கொடுக்கும் கூலியைப் பேரம் பேசாதீர்கள் என்று மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஒரே அறையில் ஆறு பேர் படுப்பவர்களுக்குத் தனிமை எதற்கு? அவர்களுக்குத்தான் எல்லோரையும்விட அதிகம் வேண்டும் என்பது என் பதில். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும். 2023 ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. எல்லாப் பக்கமும் எதிர்ப்பு. சில நாளில் நிறுத்திவைத்தார்கள், மே முதல் தேதி திரும்பப் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பத்து நாள்களில் தொழிற்சங்கங்கள் கூலியைப் பற்றிப் பேசின, உடம்பைப் பற்றிப் பேசின. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், எட்டு மணி நேரம் நமக்கு என்று கேட்டுப் போராடியவர்கள் அந்த மூன்றாவது எட்டை எதற்குக் கேட்டார்கள் என்பதும் பேசப்பட்டிருக்க வேண்டும். நடைமுறையில் இங்கே பலருக்கு ஓ.டி. சேர்த்தால் பன்னிரண்டு மணி நேரம்தான், எனக்குத் தெரியும். கான்ட்ராக்ட்டில் இருப்பவருக்கு லீவு என்றால் சம்பளம் போச்சு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிகளுக்கு ஊருக்குப் போவதுதான் ஒரே லீவு, அதுவும் ரயிலில் அன்ரிசர்வ்டு பெட்டியில் நின்றுகொண்டே கழியும்.

ஆகவே தனிமை என்பது இங்கே ஒரு கூட்டு ஏற்பாடாக மட்டுமே வர முடியும். ஒருவர் போக, ஒருவர் ஷிப்ட் மாற்றிக்கொடுக்க வேண்டும். அழகர்மலையில் கொழு விற்றவர் செய்ததை இங்கே பக்கத்து மெஷின்காரர் செய்ய வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒன்று. இந்த அவையில் பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பாதிப் பேர் மடியில் குழந்தை. மாலை போட்டு மலைக்குப் போன புருஷனுக்கு 41 நாளும் காலை நான்கு மணிக்குக் குளித்துச் சுத்தமாகச் சமைத்தது யார்? அவருடைய விரதத்தில் பாதியை இவர்தான் இருந்தார். இவருக்கு எப்போது யார் சமைத்துப்போட்டு அனுப்பிவைத்தார்கள்? ஒரு சகோதரியிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "எனக்குத் தனியா இருக்கற நேரம்னா பாத்ரூம்தான் அண்ணா, அங்கயும் பையன் வந்து கதவைத் தட்டுவான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

என்னிடம் திட்டம் ஒன்று இருக்கிறது, பெரிதாக ஒன்றும் இல்லை. வாசகர் கூட்டத்தின் சார்பில் ஒரு நாள் குடியம் போகலாம். பத்துப் பேர். முதல் குழு பெண்கள். பிள்ளைகளை அன்றைக்குப் பார்த்துக்கொள்வது இந்த முன்வரிசை ஆண்களின் வேலை. சமையலும்தான், பரோட்டா வாங்கித்தருவது கணக்கில் வராது. போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இதே இடத்தில் கூடி, ஒவ்வொருவரும் தங்கள் நோக்கத்தை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்பவர் அறிவுரை சொல்லக்கூடாது, "அப்புறம்?" என்று மட்டும் கேட்கலாம். காட்டில் இரவு தங்க முடியாது, அது பகல் நடை, இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். உட்கார்வதற்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஆரம்பிக்க அது போதும். திரும்பிய பிறகு மறுபடி கூடி, யாரிடம் சொன்னார்களோ அவரிடமே போய், நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை, கால் மரத்துப்போனது என்றாலும் சொல்லலாம், நானே சொல்லிவிட்டேன்.

மாதத்தை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கோடை தொடங்கும்போது காட்டுத்தீ பயத்தால் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவிடும். 2025இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடினார்கள். மழைக் காலத்தில் அந்தக் கூழாங்கல் பாதை வழுக்கும். ஆகவே மார்கழி, தை தோதான காலம். பொங்கல் லீவில் வெளிமாநிலத் தம்பிகள் இங்கேயேதான் இருப்பார்கள், அவர்களையும் கூப்பிட வேண்டும். இந்தியில் விளக்கிச் சொல்ல ஆள் யாராவது கைதூக்குங்கள். சென்ட் போடக்கூடாது என்பதை மட்டும் அடித்துச் சொல்லிவிடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்ப வேண்டியவர்கள் முதலில் கேட்கட்டும்.